புனித நீரும் மூன்று பதக்கங்களும்

யொஹான் மியூலெக் பற்றி எழுத வருவோர் அனைவரும் அவரது புனித நீர்க் குப்பியிலிருந்தே தொடங்குகின்றனர். 1970 இல் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் பிறந்த இந்த நெடுந்தூரப் பனிச்சறுக்கல் வீரர், தமது பயிற்றுநர் ஆவிகளை ஏவித் தமக்குத் தீங்கிழைப்பதாகக் குற்றஞ்சாட்டினார். போர்த்துக்கேயப் பெண்மணி ஒருவர் ஓதிக்கொடுத்த நீரைச் சென்றவிடமெல்லாம் சுமந்து திரிந்தார். இத்தகைய ஒருவர் அகப்பட்டால் பத்திரிகைக்காரர்களாகிய நாம் விடுவோமா? எழுதினோம், சிரித்தோம், வாசகரையும் சிரிக்கவைத்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றியே எனக்கு இங்கு வழக்கு.

சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் கேட்கப்படாத கேள்விகள் பல. 1992, 1994, 1998 ஆகிய மூன்று குளிர்கால ஒலிம்பிக் விழாக்களில் ஜேர்மனிக்காகப் பங்குபற்றிப் பதக்கமேதும் வெல்லாத ஒருவர், தம் நாட்டுச் சங்கத்துடன் பிணக்குற்று 1999 இல் ஸ்பானியக் குடியுரிமை பெறுகிறார். அடுத்து வந்த 1999/2000 பருவத்தில் உலகக் கிண்ணத்தின் ஒட்டுமொத்த வெற்றியாளராகிறார். 2001 இல் பின்லாந்தின் லாஹ்தி நகரில் 50 கிலோ மீற்றர் உலகச் சம்பியனுமாகிறார். அதே லாஹ்தியில்தான் பின்லாந்து வீரர்கள் அறுவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். மியூலெக் அங்கு சிக்கவில்லை. எனவே அந்த வெற்றியை நான் பழிக்க முடியாது. எனினும் இவ்விளையாட்டில் இரத்தத்தோடு விளையாடுகிறார்கள் என்பது அன்றே ஊரறிந்த செய்தி. கேட்பதற்குக் காரணம் இருந்தது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

2002 பெப்ரவரியில் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி. 9 ஆம் திகதி 30 கிலோ மீற்றர் போட்டியில் இரண்டு நிமிடங்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் வெற்றி. 14 ஆம் திகதி இரண்டாவது தங்கம். 23 ஆம் திகதி 50 கிலோ மீற்றரில் மூன்றாவது. அதுவரை குளிர்கால ஒலிம்பிக் வரலாறு முழுவதிலும் ஸ்பெயின் பெற்றிருந்த தங்கம் ஒன்றே ஒன்று. அதுவும் 1972 இல் சப்போரோவில். மன்னர் ஹுவான் கார்லோஸ் வாழ்த்துத் தெரிவித்தார். யொஹான் ‘ஹுவானிட்டோ’ ஆனார். பதக்கத்தை இறக்குமதி செய்யும் அரசுகள் பொருளின் தரத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

மறுநாளே எல்லாம் கலைந்தது. 21 ஆம் திகதி பெறப்பட்ட மாதிரியில் டார்பெபோயெற்றின் காணப்பட்டது. சிறுநீரக நோயாளரின் இரத்தச்சோகைக்கெனச் சந்தைக்கு வந்து அப்போது ஓராண்டு கூட நிறைவுறாத மருந்து அது. எலும்பு மச்சையைத் தூண்டிச் செங்குருதிக் கலங்களைப் பெருக்குவது. அதனால் தசைகளுக்குச் செல்லும் ஒட்சிசன் கூடும். நோயாளி படியேறுவதற்காக உண்டாக்கப்பட்டதை ஆரோக்கியமான ஒருவர் மலையேறப் பயன்படுத்தினார். சிறப்பு உணவுமுறையே காரணம் என்று விளக்கம் வேறு.

தடைசெய்யப்பட்ட பட்டியலில் அம்மருந்தின் பெயர் இல்லையே என்று வாதிட்டவர்களும் இருந்தனர். பட்டியல் அவ்வகை மருந்துகள் அனைத்தையும் தடுத்திருந்தது. பூட்டின் பெயர் எழுதப்படவில்லை என்பதற்காகக் கதவை உடைத்தவன் விருந்தாளி ஆகிவிடுவானா?

ஆயினும் மியூலெக்கை விட எனக்குச் சினமூட்டுவது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நடத்தை. 50 கிலோ மீற்றர் தங்கத்தை மட்டும் பறித்தார்கள். முதலிரு போட்டிகளின் போதான சோதனைகளில் எதுவும் அகப்படவில்லை என்பதால் அவ்விரு தங்கங்களும் அவரிடமே இருந்தன. சட்டப்படி அவர் சம்பியன்தான், ஒழுக்கப்படி அது வேறு விடயம் என்ற பாணியில் பேசினார் குழுவின் தலைவர் ஜக் ரொக். ஒழுக்கத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து அலுமாரியில் வைத்துப் பூட்டும் இந்த வித்தை அதிகார பீடங்களுக்கே கைவந்தது. நோர்வே ஒலிம்பிக் குழு தன் வீரர்களுடன் விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தின் படியேறியது. பெண்கள் போட்டியொன்றில் அதே மருந்துக்குப் பிடிபட்ட ரஷ்ய வீராங்கனைகளுக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த பெக்கி ஸ்கொட்டுக்காகக் கனடாவும் ஏறியது. 2003 டிசம்பரில் மன்றம் தீர்ப்பளித்த பிறகே மற்றைய இரு தங்கங்களும் மியூலெக்கின் கையை விட்டுப் போயின. களவு கொடுத்தவனே வழக்காடி மீட்கவேண்டும் என்றால் காவலுக்கு ஒரு குழு எதற்கு?

ஸ்கொட்டுக்கு 2004 ஜூனில், வான்கூவரில் தங்கம் கிடைத்தது. போட்டி நடந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேல்.

நான் அடிக்கடி நினைப்பது இன்னொருவரை. சுவீடனின் பேர் எலோஃப்சன் அன்றைய ஓட்டத்தில் பலரும் எதிர்பார்த்த நட்சத்திரம். லாஹ்தியில் இரு உலகப் பட்டங்கள் வென்றவர். 30 கிலோ மீற்றர் போட்டியில் மியூலெக் பாய்ந்தபோது அவரை விடாது பின்தொடர முயன்றவர் இவர். உடல் ஈடுகொடுக்கவில்லை; இடைநடுவே போட்டியைக் கைவிட்டார். இரண்டாவது போட்டியில் நான்காவதாக வந்தார். பழைய வலு பின்னர் திரும்பவில்லை. முப்பது வயதை எட்டு முன்னரே விளையாட்டை விட்டு விலகினார். மியூலெக்குக்கு விதிக்கப்பட்ட தடை இரண்டே ஆண்டுகள். அவர் பின்னர் பிரேசிலில் குடியேறினார். எலோஃப்சனின் நான்காம் இடம் 2004 இல் வெண்கலமாக மாற்றி எழுதப்பட்டது. அந்தச் செய்திக்கு எந்தப் பத்திரிகையும் முதற்பக்கம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. புனித நீர்க் கதைக்கு இன்றும் இடம் கிடைக்கிறது.