வீட்டுக்கு ஆறு கருவிகள் போதும்!
எதற்குப் பெயர் பார்ப்பது? எதற்கு வேண்டாம்?

குழாய் ஒழுகுகிறது. கதவுக் கீல் ஆடுகிறது. மிக்சி பிளக்கில் கம்பி கழன்று நிற்கிறது.

இதற்கெல்லாம் ஆள் தேடிப் போனால் பாதி நாள் போய்விடும். கூலியும் கொடுக்க வேண்டும். வீட்டில் நல்ல கருவிகள் இருந்தால் பத்து நிமிட வேலை!

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சோழபுரம். அங்கே உள்ள ஒரு குடும்பம் கருவி வாங்க ராஜபாளையத்துக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் எத்தனை பெயர்கள்! பார்க்க ஒரே மாதிரியான இரண்டு திருப்புளிகள். ஆனால், ஒன்றின் விலை மற்றதைப்போல் நாலு மடங்கு!

எதை வாங்குவது?

"மலிவானதே போதும்" என்பார் சிலர். "எல்லாமே பெயர் பெற்ற கம்பெனியாக இருக்க வேண்டும்" என்பார் சிலர். இரண்டும் சரியல்ல.

உயிரோடு சம்பந்தப்பட்ட கருவிக்குக் காசு பார்க்கக் கூடாது. மற்றதற்குப் பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. இதுதான் கணக்கு.

மின்சாரம் விளையாட்டல்ல

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஆளைக் கொல்ல அது போதும்.

டெஸ்டருக்குள் ஒரு சிறு பொருள் இருக்கிறது. 'ரெசிஸ்டர்' என்று அதற்குப் பெயர். மின்சாரத்தை மிக மிகக் குறைத்து விரலுக்கு விடுவது அதுதான். அது மட்டமானதாக இருந்தால் ஆபத்து! ஆகவே டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் தெரிந்த கம்பெனியில்தான் வாங்க வேண்டும்.

கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே ஷாக் அடிக்காது என்று நினைப்பது தவறு. மின்சார வேலைக்கென்றே செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அது இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

பெயருக்கு ஏன் விலை?

கருவியின் உயிர் அதன் எஃகில் இருக்கிறது. எஃகைக் காய்ச்சிப் பதம் ஏற்றுகிறார்கள். பதம் குறைந்தால் திருப்புளியின் முனை மழுங்கும். திருகாணியின் தலையும் கெடும். பதம் மிஞ்சினால் முனை உடையும்.

இது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் செய்தவரின் பெயரைப் பார்க்கிறோம்.

இந்தியாவில் தபாரியா கம்பெனி, ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் கைக்கருவிகள் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்டான்லி 1843இல் தோன்றியது. பஞ்சாபில் உள்ள ஜலந்தரும் கைக்கருவிக்குப் பேர்போன ஊர்.

ஒரு ஸ்பானர் போதும்

ஸ்வீடனில் யோஹான்சன் என்று ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நட்டுக்கும் ஒவ்வொரு ஸ்பானர் தேவைப்பட்ட காலம் அது. வாயை அகட்டவும் குறுக்கவும் கூடிய ஸ்பானர் ஒன்றை உருவாக்கி, 1892இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுக்கு அந்த மாதிரி ஒன்று இருந்தால் போதும். ஐம்பது சாமான் அடங்கிய பெட்டி வேண்டாம். அதில் பாதியைத் தொடவே மாட்டோம்!

டெஸ்டர், கட்டிங் பிளேயர், தட்டை முனைத் திருப்புளி, நட்சத்திர முனைத் திருப்புளி, இந்த ஸ்பானர், சுத்தியல். ஆக ஆறு.

சுத்தியலுக்குப் பெரிய பெயர் தேவையில்லை. பட்டறையில் அடித்ததே போதும். தலை ஆடாமல் இருக்க வேண்டும். பிடியில் விரிசல் கூடாது.

கடையில் செய்யும் சோதனை

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெட்டும் வாயில் வெளிச்சம் தெரிந்தால் அது வேண்டாம். ஒரு காகிதத்தை வெட்டிப் பாருங்கள். சுத்தமாக அறுபட வேண்டும்.

வீட்டில் இருக்கும் திருகாணி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். திருப்புளியின் முனை அதில் ஆடாமல் உட்கார வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மிகவும் நல்லது. 1955இல் தொடங்கிய முத்திரைத் திட்டம் அது. முத்திரையோடு உள்ள லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டால் அசலா, போலியா என்று தெரிந்துவிடும். போலிகள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஏமாற்றுவது உண்டு. எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

கேட்க ஆள் உண்டு

ராஜபாளையம் மில் ஊர். ராஜபாளையம் மில்ஸ் 1936இல் ஏற்பட்டது. மில்லில் வேலை பார்க்கும் பிட்டர்கள் சுற்று வட்டார ஊர்களிலும் இருப்பார்கள். எந்தக் கருவி பத்து வருஷம் உழைக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். விளம்பரத்தைக் கேட்பதைவிட அவர்களைக் கேட்பது மேல்.

ஆறையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. மாதம் ஒன்றாக வாங்கலாம். முதல் மாதம் நல்ல டெஸ்டர். வாங்கிய பிறகு ஆண், பெண் எல்லோரும் அதைப் பிடிக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் மின்சாரம் உள்ள பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டர் எரியாது. அதை நம்பிக் கம்பியைத் தொட்டால் உயிர் போகும்!

டெஸ்டரில் மிச்சம் பிடித்த காசு யாரையும் பணக்காரர் ஆக்கியதில்லை.