புயலடித்த கல்லூரிக்கு மனுப் போடலாமா?

எங்கள் குடும்பத்தில் மூன்று வாரமாக ஒரு வாய்ச்சண்டை நடக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை பேத்தி மருத்துவம் படிக்க மனுப் போடுகிறாள். பட்டியலில் கரீபியன் தீவுக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. புயலில் அடிபட்டு இப்போதுதான் எழுந்து நிற்கிற கல்லூரி. பெயர் இங்கே வேண்டாம். "போயும் போயும் புயலடிச்ச எடத்துக்கா? வேற காலேஜே இல்லையா?" என்பது என் சகலையின் வாதம். "எல்லாம் சரியாயிடுச்சு சார், கவலையே படாதீங்க" என்பது சேர்க்கை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரின் வாதம். இரண்டு பேருமே தவறு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சகலை பார்ப்பது கூரையை. ஆலோசகர் பார்ப்பது கமிஷனை. பார்க்க வேண்டியது மூன்றாவது ஒன்று: புயலடித்த மறுநாளிலிருந்து அந்தக் கல்லூரி என்ன செய்தது?

புயலையே பார்க்காத கல்லூரியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? வழவழப்பான புத்தகத்தில் அவர்கள் அச்சடித்ததுதான் தெரியும். புயலைப் பார்த்த கல்லூரி பரீட்சை எழுதி முடித்த கல்லூரி. விடைத்தாள் நம் கையில் இருக்கிறது. அதைப் படிக்காமலே பயந்து ஒதுக்குவதும் அசட்டுத்தனம், படிக்காமலே பணம் கட்டுவதும் அசட்டுத்தனம்.

சரி, சில விடைத்தாள்களைத் திருத்திப் பார்ப்போம்.

2017 செப்டம்பர் 18 இரவு மரியா என்ற புயல், ஐந்தாம் வகைப் புயலாக, டொமினிக்கா தீவின் மேல் ஏறியது. (சகலை இதை டொமினிக்கன் ரிபப்ளிக் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது வேறு, இது வேறு.) டொமினிக்கா சுமார் எழுபதாயிரம் பேர் வாழும் சின்னஞ்சிறு தீவு. பள்ளியில் எங்களுக்குப் பூகோளம் பிரெஞ்சில்தான் நடந்தது. குவாதலூப், மர்த்தினிக் என்று இரண்டு தீவுகளை வாத்தியார் குச்சியால் தொட்டுக் காட்டுவார். அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் டொமினிக்கா. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்களைக் கப்பலேற்றிக்கொண்டு போனது அந்த இரு பக்கத்துத் தீவுகளுக்குத்தான். அதனால் அந்தப் பக்கத்தில் புயல் என்று செய்தி வந்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காது நீளும்.

அன்றிரவு பிரதமரின் வீட்டுக் கூரையே போய்விட்டது. தன் கூரை போன செய்தியை அவரே ஃபேஸ்புக்கில் எழுதினார். பிறகு சேதத்தைக் கணக்குப் போட்டபோது, அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே வந்தது.

அந்தத் தீவின் போர்ட்ஸ்மத் ஊரை ஒட்டி ராஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஏறக்குறைய நாற்பது வருடமாக இருந்தது. தனியார் கல்லூரி. மாணவர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள், நம் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் உட்பட. ஆரம்பப் பாடங்களைத் தீவில் படித்துவிட்டு, நோயாளிகளைப் பார்த்துப் பழகுவதற்கு அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் போவது இந்தக் கல்லூரிகளின் வழக்கம். அந்த மாணவர்களை நம்பித்தான் ஊர்க்காரர்கள் வீட்டு மாடியில் அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள், கல்லூரி வாசலில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள்.

புயலுக்குப் பின் மாணவர்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். சில வாரங்களில் செயின்ட் கிட்ஸ் துறைமுகத்தில் எக்ஸலன்ட் என்ற இத்தாலியக் கப்பலைக் கட்டி நிறுத்தி, அதிலேயே வகுப்பு, அதிலேயே படுக்கை. தற்காலிகம் என்றார்கள். 2018 ஜனவரியில் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில். அதுவும் தற்காலிகம். 2019 ஜனவரியில் பார்படோஸ். அதுதான் நிரந்தரம். டொமினிக்காவுக்குத் திரும்பவே இல்லை.

நான் புதுச்சேரி அரசில் 36 வருடம் குமாஸ்தா. 'தற்காலிகம்' என்ற சொல்லை என்னைவிட அதிகத் தடவை எழுதியவர்கள் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த பிரிவு தற்காலிகமாக ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்றும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. தற்காலிகமானதுதான் நிலைக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சொலவடையே வைத்திருக்கிறார்கள். கல்லூரியின் கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால், மனுப் போடுகிறவர் பேனாவை எடுத்து அதன் கீழே கோடு போட வேண்டும். எத்தனை நாளைக்குத் தற்காலிகம்? அதற்குப் பிறகு எங்கே? பதிலில் தேதி இருக்கிறதா, வெறும் வார்த்தைதானா?

அதே 2017 செப்டம்பரில், மரியாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், இர்மா என்ற இன்னொரு புயல் சின்ட் மார்ட்டன் தீவை அடித்தது. ஒரு பாதி டச்சுக்காரர்களுடையது, மறு பாதி பிரெஞ்சுக்காரர்களுடையது என்று பிரிந்து கிடக்கும் தீவு. டச்சுப் பக்கத்தில் அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஆஃப் தி கரீபியன் என்ற மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவர்களும் மாணவர்களை வெளியே கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்தில் வகுப்பு நடத்தினார்கள். ஆனால் 2018 தொடக்கத்திலேயே தீவுக்குத் திரும்பிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது இந்த இரண்டு கல்லூரிகளுக்கும் முதலாளி ஒரே கம்பெனிதான். ஒரே கையெழுத்து, இரண்டு கோப்பு, இரண்டு முடிவு.

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். டொமினிக்காவில் விழுந்த அடி பலமானது. தீவு முழுக்க மின்சாரம் திரும்புவதற்கு மாதக்கணக்காயிற்று. தானே புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் சில நாள் மின்சாரம் இல்லாததற்கே நாங்கள் என்ன பாடு பட்டோம்! லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளையை "தீவு எழுந்திருக்கும் வரை காத்திரு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கப்பலிலாவது பாடம் நடந்ததே என்று பெற்றவர்கள் நிம்மதிப்பட்டிருப்பார்கள், நானாக இருந்தாலும் நிம்மதிப்பட்டிருப்பேன். போகத்தான் வேண்டும் என்ற நிலைமையும் உண்டு. சின்ட் மார்ட்டனுக்குத் திரும்பிய அதே கல்லூரி அதற்கு முன் மான்செராட் தீவில் இருந்தது. 1995-ல் அங்கே எரிமலை வெடிக்க ஆரம்பித்து, பின்னால் தலைநகரமே சாம்பலுக்குள் புதைந்துபோனது. அங்கிருந்து போனதை யார் குற்றம் சொல்ல முடியும்?

ஆனால் புயலுக்காகப் போவது வேறு, போன இடம் வசதியாக இருக்கிறது என்று தங்கிவிடுவது வேறு. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிரனடாவை அடித்தபோது அந்தத் தீவின் பெரும்பாலான வீடுகள் சேதமாயின. அங்கே இருந்த செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பாடத்தை நடத்தியது. 2005 ஜனவரியில் தீவுக்கே திரும்பி வந்தது. ஆக, திரும்பி வர முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது.

"அது கல்லூரிங்க, நிவாரண சங்கமில்ல. எங்க நல்லா நடக்குமோ அங்க நடத்திட்டுப் போறான். உங்களுக்கு என்ன?" என்றார் சகலை. துணிக்கடை நடத்துகிறவன் அப்படிப் பேசினால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் இது மருத்துவம் சொல்லிக்கொடுக்கிற இடம். வீடு இடிந்து, தண்ணீர் கெட்டு, காயம் பட்டு ஜனங்கள் கிடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதுதானே அந்தப் படிப்பு? நாற்பது வருடம் சோறு போட்ட ஊரை விட்டுவிட்டு வந்த கதையை முதல் வருடத்துப் பிள்ளைக்கு எந்தப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது?

திரும்பி வந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. டுலேன் மருத்துவக் கல்லூரி ஹூஸ்டனுக்குப் போய், அங்கே பேலர் கல்லூரியில் பாடம் நடத்தி, அடுத்த வருடம் ஊர் திரும்பியது. நல்ல மார்க் போடலாம். ஆனால் அந்த மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்றது சாரிட்டி மருத்துவமனையில். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1736-ல், ஒருவர் எழுதிவைத்த சொத்தைக் கொண்டு ஏழைகளுக்காகத் தொடங்கியது. கத்ரினாவுக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டிய புது மருத்துவமனை 2015-ல்தான் திறந்தது. நடுவே பத்து வருடம். கையில் காசில்லாதவன் அந்தப் பத்து வருடம் எந்த வாசலுக்குப் போனான்? கல்லூரிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற பெற்றோர், பக்கத்து ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நோயாளி இல்லாத இடத்தில் வைத்தியம் படிப்பது தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் படிப்பது போல.

இங்கிருந்து பிள்ளைகளை அனுப்ப நினைக்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் தொழில் செய்ய விரும்பினால், 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளைப் படியுங்கள். குறைந்தது 54 மாதம் படிப்பு, அதன் மேல் 12 மாதம் பயிற்சி, இரண்டும் அதே கல்லூரியில், படிப்பின் எந்தப் பகுதியும் வேறு நாட்டில் நடக்கக் கூடாது. தீவில் பாதி, அமெரிக்காவில் பாதி என்ற ஏற்பாடே இந்த விதிக்குப் பொருந்தாது. அப்படியிருக்க, புயலடித்துக் கல்லூரியே ஒரு கப்பல், இரண்டு நாடு என்று அலைந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? உக்ரைன் போரின்போது 2022-ல் வேறு நாட்டுக் கல்லூரியில் தொடர ஆணையம் இடம் கொடுத்தது. அது அந்த மாணவர்களுக்கென்று தனியாகத் தந்த சலுகை. சலுகை வரும் என்று நம்பி யாரும் பணம் கட்டாதீர்கள்.

சரி, மனுப் போடலாமா, கூடாதா? போடலாம், தாராளமாகப் போடலாம். ஆனால் கல்லூரி நம்மிடம் முப்பது கேள்வி கேட்கிறதே, நாமும் நாலு கேள்வி கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் பிரயோசனமில்லை. எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: முதல் பருவம் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில்? தற்காலிக இடம் என்றால், எந்தத் தேதி வரை?

இரண்டு: கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பு இந்தத் தற்காலிக இடத்தையும் பார்த்து ஒப்புக்கொண்டதா? அந்தக் கடிதத்தின் நகல் கிடைக்குமா?

மூன்று: அடுத்த புயல் வந்து நடுவில் வகுப்பு நின்றால் கட்டிய பணம் திரும்ப வருமா? எத்தனை நாளில்?

நான்கு: அந்த ஊர் ஜனங்கள் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனை இப்போது நடக்கிறதா? புயலன்றும் அதற்கு மறு வாரமும் உங்கள் ஆசிரியர்களும் மாணவர்களும் அதற்கு என்ன உதவி செய்தார்கள்? உங்களிடம் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பளம் கிடைத்ததா?

முதல் மூன்றும் நம் பிள்ளையின் நலத்துக்கு. நாலாவது கேள்வியைப் பார்த்து ஆலோசகர் சிரித்தார், "இதெல்லாம் யாரு சார் கேக்குறாங்க?" என்று. யாரும் கேட்காததால்தான் யாரும் பதில் வைத்திருப்பதில்லை. தனியார் கல்லூரிக்குத் தீவின் அழுகை கேட்காமல் போகலாம், கட்டணம் கட்டுகிறவனின் குரல் கட்டாயம் கேட்கும். நூறு பேர் மனுவோடு சேர்த்து இந்த ஒரு கேள்வியையும் அனுப்பினால், அடுத்த முறை கப்பலைத் தேடுகிற அதிகாரி இரண்டு நிமிஷமாவது ஊரைத் திரும்பிப் பார்ப்பான்.

பேத்தியிடம் நாலு கேள்வியையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். நாலுக்கும் நேரான பதில் வந்தால், கூரைக்குத் தகரம் போட்டிருந்தாலும் அங்கேயே படிக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். மழுப்பல் வந்தால், பளிங்குத் தரை போட்டிருந்தாலும் வேண்டாம். சகலை இதைப் படிப்பார் என்று தெரியும். மறுப்பு இருந்தால் எழுதட்டும், பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.