குளிசையை வீசுகிறாளாம்!

கிளினிக் நாளில் இரத்தம் சோதிக்கிறார்கள். போன முறை இருந்த அளவுதான், ஏறவில்லை. உடனே ஏச்சு: “இரும்புக் குளிசையை எங்கே வீசினாய்? தேத்தண்ணியோடு விழுங்கினாயா?”

வீசுகிறவர்களும் இருக்கலாம், மறுக்கவில்லை. தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது என்பதும் உண்மை. ஆனால் சொன்னபடி வெறும் தண்ணீரில் விழுங்குகிறவளுக்கும் ஏன் ஏறவில்லை என்று எவராவது கேட்டார்களா?

அதே பெண்ணிடம் இன்னொரு பக்கற்றும் இருக்கிறது. ‘காஸ்’ என்றதும் தோட்ட டிஸ்பென்சரியில் அள்ளிக் கொடுத்த ஒமெப்ரசோல். குளிசையிலுள்ள இரும்பு நன்றாகக் கரைந்து குடலில் சேர வயிற்று அமிலம் உதவ வேண்டும். ஒமெப்ரசோலின் வேலையோ அந்த அமிலத்தை அடக்குவது. மாதக்கணக்கில் குடித்தால் இரும்பு சேர்வது குறையக்கூடும். கல்சியம் காபனேற்றுக் குளிசைக்கும் இதே கதி. நீண்டகாலம் குடிப்பவர்களுக்கு மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011 இலேயே எச்சரித்துவிட்டது.

சப்பித் தின்னும் காஸ் குளிசை என்றால் இரண்டு மணித்தியாலம் தள்ளி இரும்பை விழுங்கிச் சமாளிக்கலாம். ஒமெப்ரசோல் அப்படியல்ல. அதன் அடக்கம் ஒரு நாளைக்கு மேலும் நிற்கும். காலையில் இது, இரவில் அது என்று பிரித்தாலும் தப்ப முடியாது.

சரி, காஸ் எங்கிருந்து வந்தது? விடியப் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்குக் காலைச் சாப்பாடு சாயத்தண்ணிதான். கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர் என்ற பயத்தில் பகல் சாப்பாடும் தள்ளிப்போகிறது. கூடை சுமந்த இடுப்பு வலிக்கு டைக்குளோபினக். வெறும் வயிற்றில் அது குடலை அரிக்கிறது, சிலருக்கு உள்ளே இரத்தமும் கசிகிறது. போதாததற்கு இரும்புக் குளிசையே சிலருக்கு வயிற்றெரிவைத் தரும். அந்த எரிவுக்கும் ஒமெப்ரசோல்! ஒரு கையால் இரும்பைக் கொடுத்து மறு கையால் பறிக்கும் இந்த வைத்தியத்துக்கு ஏச்சு வாங்குகிறவள் மட்டும் தொழிலாளி.

டிஸ்பென்சரியில் கொடுப்பது கிளினிக் அட்டையில் ஏறுவதில்லை. கிளினிக்கில் கொடுப்பதை டிஸ்பென்சரி கேட்பதில்லை. அங்கே நாளைக்கே ஆளை மலைக்கு அனுப்பும் அவசரம். 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்த அரசாங்கம், தோட்ட வைத்தியத்தை முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நமது கோரிக்கை பழையது. அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத விடயங்கள் உண்டு. கொடுத்த மருந்தெல்லாம் ஒரே அட்டையில் எழுதப்பட வேண்டும். ஒமெப்ரசோல் எத்தனை வாரத்துக்கு என்று குறிக்க வேண்டும். மலையில் உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும், அதற்காகப் பேரில் கை வைக்கக் கூடாது. தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இவற்றைத் துரையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஆனால் யாரும் தானாக ஒமெப்ரசோலை நிறுத்திவிட வேண்டாம். வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. நிறுத்துவதா, குறைப்பதா, எரிவு தராத வேறு இரும்பு மருந்தா என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைப் பக்கற்றுகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள், அக்காமாரே. ஏச்சு தொடங்கும் முன்பே அதை மேசையில் கொட்டிவிடுங்கள்.