பம்ப் மேல் பழி போடும் கூட்டம்

அமெரிக்காவில் பழைய டர்போ கார்களோடு மாரடிக்கும் ஒரு கூட்டம் உண்டு. 1990 முதல் 1994 வரை வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டேலன், பிளைமவுத் லேசர் என்ற மூன்றும் அவர்களுக்கு உயிர். இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் (ஆமாம், ஊர் பேரே அதுதான்!) ஒரே தொழிற்சாலையில் பிறந்த சகோதரர்கள் இவை. கார் கைக்கு வந்ததும் கம்பெனி ஃப்யூயல் பம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, மணிக்கு 255 லிட்டர் தள்ளும் வால்ப்ரோ பம்பை மாட்டுவது அங்கே ஒரு சடங்கு மாதிரி.

மாட்டிய மறுநாள் புலம்பல் ஆரம்பிக்கும். ஐடிலில் வண்டி திணறுகிறது, கரும்புகை வருகிறது, பெட்ரோல் வாடை தாங்கவில்லை. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் முள் 50 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. உடனே தீர்ப்பு: "இந்த பம்ப்புக்கு பிரஷர் ஜாஸ்தி!"

இந்தத் தீர்ப்பு தப்பு. பம்ப் தருவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு எதிரே நிற்கும் தடைதான் பிரஷரை உண்டாக்குகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்துப் பார்த்த சின்னப் பையனுக்குக்கூட இது தெரியும்.

வரவு செலவுக் கணக்காகவே பாருங்கள். வரவு, மணிக்கு 255 லிட்டர். ஐடிலில் நிற்கும் 2 லிட்டர் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர். மிச்சம் அத்தனையும் ரெகுலேட்டர் வழியாக, ரிட்டர்ன் லைன் பிடித்து, டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். ஆனால் அந்த ரெகுலேட்டரின் துவாரம் பழைய சின்ன பம்ப்புக்கு அளவெடுத்தது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் 37 என்று சொன்னாலும் பெட்ரோல் போக வழி இல்லையே! போதாததற்கு, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து பம்ப்புக்கு முழு வோல்டேஜும் கொடுத்திருப்பார்கள். ஓட்டம் இன்னும் கூடும்.

காரணம் ரெகுலேட்டரா, ரிட்டர்ன் லைனா என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். முதலில், ஐடிலில் ரெகுலேட்டரின் வேக்வம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு கேஜைப் பார்க்க வேண்டும். மேனுவல் கியர் டர்போ என்றால் 37 அளவில், ஆட்டோமேட்டிக் என்றால் 43 அளவில் நிற்க வேண்டும். ஹோஸை மறுபடி மாட்டினால் எட்டு, பத்து பி.எஸ்.ஐ. இறங்க வேண்டும். ஹோஸில் வேக்வம் ஒழுங்காக வந்தும் முள் அசையாமல் உயரத்திலேயே நின்றால், கட்டுப்பாடு ரெகுலேட்டர் கையில் இல்லை என்று அர்த்தம்.

அடுத்து, ரெகுலேட்டரிலிருந்து ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பெட்ரோல் கேனுக்குள் விட வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளியாக இருக்க வேண்டும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு நாலு லிட்டர் கொட்டும், ஆகவே சில வினாடிதான். பிரஷர் இறங்கினால் அடைப்பு அதற்குப் பின்னால்: மடிந்த ஹோஸ், நசுங்கிய பைப், அல்லது டேங்க் மேல் இடம் மாற்றி மாட்டிய ஹோஸ்கள். இறங்கவில்லை என்றால் ரெகுலேட்டர்தான். பழைய பம்பை மாட்டியதும் சரியாகிவிட்டால் அது கெடவில்லை, சின்னது, அவ்வளவே. அப்போதும் உயரமாகவே நின்றால் ரெகுலேட்டர் சிக்கியிருக்கிறது.

இதைச் செய்யாமல் அந்தக் கூட்டம் என்ன செய்கிறது? ஒரு கோஷ்டி அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் வாங்குகிறது. நசுங்கிய ரிட்டர்ன் லைனுக்கு முன்னால் எவ்வளவு விலையுயர்ந்த ரெகுலேட்டரை வைத்தால் என்ன? பணம் போகும், முள் அங்கேயே நிற்கும். இன்னொரு கோஷ்டி ஐடிலில் 37 வரும்வரை ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டே போகிறது. மூன்றாவது கோஷ்டி மகா புத்திசாலி. லேப்டாப்பைத் திறந்து, "இன்ஜெக்டர் பெரிசு" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி, பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. புகை நின்றது, பிரச்னை தீர்ந்தது!

தீரவில்லை, ஆபத்து இடம் மாறியிருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தும்போது இன்ஜெக்டர்கள் நிறையக் குடிக்கும். திரும்பிப் போகும் பெட்ரோல் குறையும். சின்ன ரெகுலேட்டரே சமாளித்துவிடும், பிரஷர் ஸ்பிரிங் சொல்லும் அளவுக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரில் சொன்ன பொய்யோ அப்படியே இருக்கும். தளர்த்திய ஸ்க்ரூவும் அப்படியே இருக்கும். விளைவு, டர்போ முழு மூச்சில் ஊதும் அந்த நேரத்தில் பெட்ரோல் பற்றாக்குறை. நாக்கிங் வரும், பிஸ்டன் போகும். ஐடில் புகையை மறைத்ததற்குக் கூலி ஒரு இன்ஜின்.

அதற்காக கரும்புகையோடே ஓட்டலாம் என்றும் இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும், கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்யும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கும்.

"சோதனை எல்லாம் யார் செய்வது, பார்ட்ஸை மாற்றிப் பார்ப்பதுதான் சுலபம்" என்பது அவர்களின் கடைசி வாதம். கேஜின் விலை ஒரு நல்ல ரெகுலேட்டரின் விலையைவிடக் குறைவு. அது தரும் பதில் கடைக்காரர் தரும் பதிலைவிட நேர்மையானது.

அடைப்பு என்றால் லைனைச் சரிசெய்யுங்கள். ரெகுலேட்டர் சின்னது என்றால் பெரிய ரெகுலேட்டர், தேவையானால் பெரிய ரிட்டர்ன் லைன். அதைவிட மலிவான வழியும் உண்டு. டர்போவையும் இன்ஜெக்டரையும் மாற்றாத வண்டிக்கு 255 எதற்கு? மணிக்கு 190 லிட்டர் தள்ளும் பம்ப்பே போதும். செலவே இல்லாத ஊரில் வரவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அதற்குப் பெயர் முன்னேற்றம் இல்லை, தேக்கம்!