கார்டு பெட்டிக்கு ஒரு வேலை

ரயில்வே கேட் அடைத்திருந்தால் நம்மூர்க்காரர்கள் செய்யும் முதல் வேலை கேட் கீப்பரைத் திட்டுவது. நானும் திட்டியிருக்கிறேன். போன மாதம் ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கேட்டில் வெயிலுக்கு அவர் அறைப் பக்கம் ஒதுங்கினேன். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு போன், ஒரு நோட்டு, சிவப்பு பச்சைக் கொடிகள். அவ்வளவுதான். அனல் அடித்தது.

அப்போது தோன்றிய யோசனைதான் இந்தப் பதிவு.

இங்கிலாந்தில் பழைய ரயில் வேன்களின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, உடலை மட்டும் தரையில் இறக்கிக் கொட்டகையாக வைத்துக்கொள்ளும் பழக்கம் ரொம்ப காலமாக உண்டு. ரயில் ஆர்வலர்கள் அவற்றைத் தேடிப்பிடித்து, உளுத்த பலகையை மாற்றி, பெயிண்ட் அடித்து மறுபடி உபயோகிக்கிறார்கள். நாம்?

நெல்லை–செங்கோட்டை பாதை 1903-லேயே வந்தது. மீட்டர் கேஜ் ரயில் நம் பக்கம் 2008-ல் நின்றது. அகலப்பாதை 2012-ல் வந்தது. தாத்தா காலத்துப் பெட்டி ஒன்றுகூட எங்கள் ஊரில் மிச்சமில்லை. 1 மீட்டர் சக்கரம் 1.676 மீட்டர் பாதையில் ஓடாது, சரி. குடிசையாக நிற்பதற்கு கேஜ் எதற்கு மக்கா? :)

இப்போது சரக்கு ரயில்களில் கார்டு பெட்டிக்கும் வேலை குறைகிறது. கடைசிப் பெட்டியைக் கண்காணிக்கக் கருவி வந்துவிட்டது. ‘கார்டு’ என்ற பெயரே 2022-ல் ‘டிரெயின் மேனேஜர்’ ஆகிவிட்டது. பழைய பயணிகள் பெட்டிகளோ பல ஸ்டேஷன்களில் ஓட்டல் ஆகிவிட்டன. ஏசி போட்டு பிரியாணி விற்க ஒரு பெட்டியைச் சீரமைக்க முடியும் என்றால், கேட் கீப்பர் உட்கார ஒன்றைச் சீரமைக்க முடியாதா?

ஆனால் ஒன்று. சும்மா இரும்புப் பெட்டியை இறக்கி வைத்தால் சித்திரை வெயிலில் மனுஷன் வெந்துபோவான். கூரைக்கு வெப்பத் தடுப்பு வேண்டும், இரண்டு பக்கமும் தண்டவாளம் தெரிய ஜன்னல் வேண்டும், ஃபேன், கழிப்பறை, உள்ளே தாழ் போடும் உறுதியான கதவு வேண்டும். கதவைச் சும்மா சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில், இதே பாதையில், பாவூர்சத்திரத்தில் இரவுப் பணியில் இருந்த பெண் கேட் கீப்பர் தாக்கப்பட்டார்.

2025 ஜூலை 8-ல் கடலூர் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இணைத்திருந்தால், கேட் மூடாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. ஆகவே முதல் செலவு அதற்குத்தான், பெட்டிக்கு இல்லை. இதில் எனக்கு சந்தேகமே இல்லை. இணைத்த பிறகும் அந்த அறையில் ஒரு ஆள் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ விழித்திருக்க வேண்டுமே? அவருக்கு நல்ல அறை கொடுப்பதும் பாதுகாப்புச் செலவுதான்.

அதோடு ஒரு பழைய பெட்டியும் பிழைத்துக்கொண்டால் எனக்கு டபுள் சந்தோஷம்.

அதுவரைக்கும் நம்மால் முடிந்தது, கேட் அடைத்திருந்தால் ஹாரன் அடிக்காமல் இருப்பது.