கெண்டைக்கால் பிடிச்சா மாத்திரை டப்பாவைத் தேடாதீங்க

நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி உருண்டு நின்னுக்கிட்டு உயிரை எடுக்குமே, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. ஊர்ல இதை 'நரம்பு இழுத்துக்கிச்சு'ம்போம். இழுக்கிறது சதைதான். ஆனாலும் நம்ம பாட்டிமார் சொன்னது முழுத் தப்பில்லை. சதையை விடாமல் சுருங்கச் சொல்லி ஏவுறது நரம்புதான்னு ஆராய்ச்சியாளர்களில் பலர் இப்போ சொல்றாங்க.

இங்கே ஹட் பேயில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால் இதுக்கு நாலு மாத்திரை பேரு கிடைக்கும். கால்சியம், மெக்னீசியம், ஏதோ ஒரு சத்து மாத்திரை. ஊருக்குப் போய் வர்றவங்க பையிலும் அதுதான். எனக்கு இது பிடிக்கலை. மெக்னீசியம் பத்தின ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2020-ல் காக்ரேன் அமைப்பு சொன்னது, வயசானவங்களோட பிடிப்புக்கு அதால் பெரிய பலன் இருக்காதுன்னுதான். ஒரு காலத்தில் கொய்னாவும் கொடுத்தாங்க. நீலகிரியில் சின்கோனா மரம் வளர்த்து எடுத்தாங்களே, அதே மலேரியா மருந்து. பிடிப்பு கொஞ்சம் குறையும், நிஜம்தான். ஆனா ரத்தத் தட்டணுக்களும் இதயத் துடிப்பும் சேர்ந்து கெடலாம். கால் பிடிப்புக்கு அதைத் தரவேண்டாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-லேயே எச்சரிச்சாச்சு.

பிடிச்ச உடனே செய்ய வேண்டியது காசில்லாத வேலை. முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தைப் பார்க்க இழுங்க. முடிஞ்சா எழுந்து சுவரில் கையூன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாயுங்க. சதை நீளும்போது அது எலும்போடு சேர்ற நாணும் இழுபடும். அதிலிருந்து 'போதும், விடு'ன்னு தண்டுவடத்துக்குச் சேதி போகும், முறுக்கு அவிழும். இதையே தினமும் படுக்கப் போகும் முன் செய்யலாம். நெதர்லாந்தில் 55 வயசுக்கு மேற்பட்ட 80 பேரை வைத்து 2012-ல் வெளிவந்த ஆய்வில், ஆறு வாரம் இப்படி நீட்டியவங்களுக்கு ராத்திரிப் பிடிப்பு குறைஞ்சுது. போர்வையை, கொசுவலையைக் காலடியில் இறுக்கிச் செருகாதீங்க. பாதம் கீழ்நோக்கி அமுங்கிக் கிடந்தா கெண்டைச் சதை சுருங்கியே கிடக்கும்.

பகலில் வெயிலில் வேலை செய்றவங்க கதை வேற. இந்தத் தீவுப் புழுக்கத்தில் சட்டை பிழியுற அளவு வேர்க்கும். 1920-களில் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத்தில் இதையே கண்டாங்க. வேர்த்துக் கொட்டினவங்க வெறும் தண்ணியா குடிக்கக் குடிக்க ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் சதை பிடிச்சுது. உப்புத்தண்ணி கொடுத்தாங்க, குறைஞ்சுது. நமக்கு அதுக்கு இங்கிலாந்து வேணாம், உப்புப் போட்ட நீராகாரமும் நீர்மோரும் போதும் :-) ரத்தக் கொதிப்பு உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்குங்க.

எல்லாக் கால் வலியும் இதில் சேராது, எனக்குக் கவலையும் அங்கேதான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்து, வலி விடவே இல்லைன்னா ரத்தக்கட்டியா இருக்கலாம். போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜய புரத்திலிருந்து, இங்கே வர கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அந்த மாதிரி நீண்ட பயணத்துக்கு அப்புறம் இதை இன்னும் உஷாரா பார்க்கணும். நீவிவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடந்தா வலிச்சு, நின்னா விடுதுன்னா ரத்தக்குழாய் அடைப்பான்னு பார்க்கணும், முக்கியமா சர்க்கரைக்காரங்களும் புகைக்கிறவங்களும். கொலஸ்ட்ரால் மாத்திரையோ, நீர் பிரிய மாத்திரையோ ஆரம்பிச்ச பிறகு சதை வலி வந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். தானா நிறுத்தக் கூடாது.

ஊர்லேருந்து அம்மா ஃபோனில் 'கால் இழுக்குதுடா'ன்னா, மாத்திரை பேரு சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: ஒரு காலா ரெண்டு காலா, வீக்கம் இருக்கா, புதுசா என்ன மருந்து சாப்பிடுறீங்க?