பூட்டி வைத்தால் பத்திரமா?



"விலை கூடுன சாமான், பிள்ளைங்க கைல குடுக்காதீங்க. பீரோவுல வச்சுப் பூட்டுங்க." வீட்டிலும் பள்ளியிலும் இதைக் கேட்காதவர் உண்டா? கேமரா, பைனாகுலர், மைக்ராஸ்கோப் எல்லாம் இப்படித்தான் இருட்டுக்குள் கிடக்கின்றன. லென்ஸ் உள்ள பொருளைப் பூட்டியே வைப்பது பாதுகாப்பு இல்லை என்பது என் கருத்து.

காரணம் பூஞ்சை. ஊறுகாயில் வெள்ளையாகப் பூக்கிறதே, அந்த மாதிரிதான். லென்ஸில் ஒட்டிய தூசி, துணி நூல், விரல் பிசுக்கு இவையே அதற்குச் சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் 3 நாளுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரலாம் என்று ஜெர்மனியின் சைஸ் லென்ஸ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். காற்றே புகாத பீரோவும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் தோல் உறையும் அதற்கு நல்ல வீடு!

இரண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளில் இருந்த ஆஸ்திரேலியப் படையின் பைனாகுலர்களிலும் பூஞ்சை படர்ந்தது. அதற்காக விஞ்ஞானிகள் தனியாக ஆராய்ச்சியே செய்தார்கள்.

என் மாமா ஆடித்தபசு படம் எடுக்க ஆசையாய் வாங்கிய கேமரா, செல்போன் வந்த பிறகு பல வருஷம் உறைக்குள்ளேயே இருந்தது. இப்போது லென்ஸுக்குள் சிலந்தி வலை போல இழைகள். சப்பர விளக்கெல்லாம் புகைக்குள் எரிவது மாதிரி விழுகிறது. கடையில் கழற்றித் துடைத்தும் தடம் போகவில்லை. ஏனென்றால் பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும்.

"அப்ப வெயில்ல காயப் போட்டா சரியாயிரும்ல?" என்று கேட்பீர்கள். கூடாது. நம்ம ஊர் வெயிலில் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இளகி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய தகடுகளில் எண்ணெயாகப் படியும். தகடுகள் ஒட்டிக்கொண்டு சரியாக நகராது.

டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். இழை தெரிந்தால் பூஞ்சை. தகடு ஈரமாக மினுங்கினால் எண்ணெய். இரண்டையும் வீட்டில் கழற்றாமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

வராமல் தடுப்பது சுலபம். துடைத்துவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். புதுச் செருப்பு டப்பாவில் வருமே, அதுதான். ஈரம் ஊறிய பழைய பொட்டலம் உதவாது, மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் விட, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் மைக்ராஸ்கோப்பை வெளியே எடுங்கள். துடைக்கும் பொறுப்பை முறை வைத்து எங்களுக்குக் கொடுங்கள். நாங்கள் உடைத்துவிடுவோம் என்று பயந்து பூட்டினால், மழைக்காலம் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். நாங்கள் வெங்காயத் தோலையாவது அதில் பார்த்திருப்போமே!

பயன்படுத்துவோம்! பாதுகாப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி